ஒரே முகம், எத்தனை கேபி?

தேனி மாவட்டம் கம்பத்தில் நான் நடத்தும் கடையின் போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று எழுதியிருக்கும். போர்டில் எழுதாத ஒரு வேலையிலும் எனக்குக் கணிசமாக வரும்படி உண்டு. பெரிய படத்தைச் சின்னதாக்குவது, பிஎன்ஜியை ஜேபிஜி ஆக்குவது, ஜேபிஜியை பிடிஎஃப் ஆக்குவது. ஆளுக்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வாங்குகிறேன். அப்படி ஒரு வேலையே இருக்கக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பட்டப்படிப்பை முடித்த பிள்ளை ஒருத்தி ஒரே வருஷத்தில் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, யுபிஎஸ்சி மூன்றுக்கும் விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டிஎன்பிஎஸ்சிக்குப் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள், இரண்டும் ஜேபிஜியாக இருக்க வேண்டும். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ்ஸும் அதே எடையைத்தான் கேட்கும். கூடவே, படம் 200-க்கு 230 பிக்சல், கையெழுத்து 140-க்கு 60 பிக்சல் என்று அளவும் சொல்லும். இடது பெருவிரல் ரேகையைத் தனியாகக் கேட்கும். கைப்பட எழுதிய உறுதிமொழியை 50 முதல் 100 கேபிக்குள் கேட்கும். யுபிஎஸ்சி பல ஆண்டுகளாக 20 முதல் 300 கேபி வரை ஏற்று வந்திருக்கிறது. அவள் தங்கை நீட் எழுதுகிறாள் என்றால் பாஸ்போர்ட் அளவில் ஒரு படம், போஸ்ட் கார்டு அளவில் இன்னொரு படம், கைவிரல் ரேகைகள் என்று அது வேறு பட்டியல். சில தேர்வுகளில் படத்தின் அடியில் பெயரும் எடுத்த தேதியும் அச்சாகியிருக்க வேண்டும்.

ஒரே முகம். ஒரே மாதத்தில் எடுத்த ஒரே படம். ஒவ்வொரு வாசலிலும் அதற்கு வேறு எடை, வேறு அளவு, வேறு நிபந்தனை. ஒருமுறைப் பதிவு என்று டிஎன்பிஎஸ்சி கொண்டுவந்தது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒருமுறை அந்த ஒரு வாசலுக்கு மட்டும்தான்.

மேல்வரம்பு வைத்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். கீழ்வரம்புதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கையெழுத்துப் போடச் சொல்வேன். ஸ்கேன் செய்து ஓரத்தை வெட்டி ஜேபிஜியாகச் சேமித்தால் 6 கேபி வரும். தளம் ஏற்காது, 10 கேபிக்குக் குறையக் கூடாதாம். வெள்ளைத் தாளில் நாலு கோடு. அதில் சேமிக்க வேறு என்னதான் இருக்கிறது? அதற்காக ஓரத்து வெள்ளையைக் கொஞ்சம் சேர்த்து வெட்டி, பிக்சலை ஏற்றி, தரத்தை நூறுக்குத் தள்ளுவேன். 21 கேபி ஆகிவிடும். இப்போது மேல்வரம்பு இடிக்கும். மறுபடி இறக்க வேண்டும். கையெழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கேபி சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அந்தத் தளம் பார்க்கிறது.

இந்தக் கூத்து பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம்தான் நடக்கும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு காரணம் உண்டு. கூடலூர், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் திரும்பி இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். மகளின் விண்ணப்பத்துக்குப் பணமும் ஓடிபி வரும் போனும் அம்மாவிடம்தான் இருக்கும். அம்மா வந்த பிறகுதான் கடைக்கு வர முடியும். அந்த நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்தில் "இன்வேலிட் ஃபைல் ஃபார்மேட்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். எந்தப் படத்தில் கோளாறு, எதை மாற்ற வேண்டும் என்று ஒரு சொல் இருக்காது. "என்ன தம்பி, ரிஜெக்ட் ஆயிடுச்சா?" என்று அம்மாவின் முகம் வெளுத்துப்போகும். விண்ணப்பமே தள்ளுபடியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். "இல்லக்கா, படத்த மட்டும் மாத்திப் போடணும்" என்று சமாதானம் சொல்வதும் என் வேலையில் சேர்த்திதான்.

இப்போது ஐபோன் வேறு சேர்ந்துகொண்டது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பையன்கள் கையில்கூட செகண்ட் ஹேண்ட் ஐபோன் இருக்கிறது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து ஆப்பிள் போன்கள் படத்தை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கின்றன. ஜேபிஜி எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே அதே தரம் கிடைக்கும். நல்ல தொழில்நுட்பம்தான். "அண்ணே, போட்டோ பளிச்சுன்னு இருக்கு, சைட்டுதான் எடுக்க மாட்டேங்குது" என்று போனை நீட்டுவார்கள். போனின் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றிவிட்டால் அதன்பின் எடுக்கும் படமெல்லாம் ஜேபிஜியாக விழும். ஏற்கெனவே எடுத்தது அப்படியேதான் இருக்கும். கூகுளிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ சேமித்த படமாக இருந்தால் அது வெப்பி என்ற வகையாக இருக்கக்கூடும். கூகுள் 2010-இல் கொண்டுவந்தது அது. அவசரத்தில் சிலர் கோப்பின் பெயரில் பிஎன்ஜியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று தட்டிக்கொண்டு வருவார்கள். பெயர் மாறினால் உள்ளே இருப்பது மாறாது. சில தளங்கள் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். பிறகு ஹால் டிக்கெட்டில் முகம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக வந்து நிற்கும்.

படிப்பறிவோ வசதியோ குறைந்த ஊரின் பிரச்சினை இது என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2020 மே மாதம், கொரோனா காரணமாக அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் ஏபி தேர்வுகளை மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதினார்கள். விடைத்தாளைப் போனில் படமெடுத்து ஏற்ற வேண்டும். ஐபோனில் எடுத்த பலரின் படம் ஹெச்இஐசியாக இருந்ததால் தளம் ஏற்காமல் நின்றது, நேரமும் முடிந்துவிட்டது. தேர்வை நடத்திய காலேஜ் போர்டு, பிறகு மின்னஞ்சலில் அனுப்ப வழிசெய்தது. அதற்கு முன் சிக்கிக்கொண்டவர்கள் மறுதேர்வு எழுத வேண்டியிருந்தது. பாடம் தெரிந்த பிள்ளைகள்தான் அவர்கள். படத்தின் வகை தெரியாமல் இருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

இத்தனைக்கும் படத்தை மாற்றுவது கணினிக்குப் புதிய வேலை இல்லை. ஜேபிஜிக்கு ஜேபெக் என்ற பெயர் வரக் காரணமான நிபுணர் குழு 1986-இல் அமைந்தது. 1992-இல் அதன் தரம் ஏற்கப்பட்டது. அதன் அடியில் இருக்கும் கணக்கு இன்னும் பழையது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-இல் அந்த யோசனைக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று நிதி தர மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் இருவரையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். எளிமையானது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கணக்கில்தான் இன்று உலகத்தின் பெரும்பாலான புகைப்படங்கள் சுருங்கிக் கிடக்கின்றன.

அந்தக் கணக்கு செய்வது இவ்வளவுதான். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நிதானமாக மாறும் வெளிச்சத்தைத் தனியாகவும், பொடிப்பொடி நுணுக்கங்களைத் தனியாகவும் பிரிக்கும். கண்ணுக்கு உறைக்காத நுணுக்கத்தைக் கழித்துவிடும். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தைப் பிடிக்காது. அதனால் நிறத்தில் இன்னும் தாராளமாகக் கழிக்கும். கன்னம், நெற்றி, சட்டை எல்லாம் நிதானமாக மாறுகிற பரப்புகள் என்பதால் முகத்தை இப்படிக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. கையெழுத்தும் மார்க் ஷீட்டும் அப்படி இல்லை. வெள்ளைக்குப் பக்கத்திலேயே கறுப்பு, கத்தி வைத்து நறுக்கியது மாதிரி. அதைக் கழித்தால் எழுத்தைச் சுற்றி கொசு மொய்த்ததுபோல் அழுக்குப் புள்ளிகள் வரும். பிஎன்ஜி எதையும் கழிக்காமல் சுருக்குகிற வகை. கோட்டுக்கும் எழுத்துக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் கையெழுத்தையும் ஜேபிஜியில்தான் கேட்கிறார்கள். எதற்கு எது பொருத்தம் என்று தளத்தை வடிவமைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மார்க் ஷீட் விஷயத்தில் இது விளையாட்டல்ல. ஒரு ஜேபிஜியைத் திறந்து, மாற்றி, மறுபடி ஜேபிஜியாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழியும். வீட்டில் போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே ஒருமுறை சுருங்கி, என் கடையில் இன்னொரு முறை சுருங்கி, கடைசியில் தளத்துக்குப் போய்ச் சேரும்போது பதிவெண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் எங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" என்று தேர்வு செய்து அனுப்பச் சொல்கிறேன்; அப்படி அனுப்பினால் படம் சுருங்காமல் வரும். சுருக்கும் முறை தப்பாகப் போனால் எண்ணே மாறிவிடும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி ஆய்வாளர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவன இயந்திரம் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவு எண்கள் வேறாக வந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். 6 இருந்த இடத்தில் 8 வந்த பக்கங்களும் இருந்தன. ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஒரே எழுத்தாக எண்ணி இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்கமுறைதான் காரணம். அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்தித் தர வேண்டியதாயிற்று.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. கடைக்கு வராத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கூகுளில் தேடி, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் போய் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் கையெழுத்தையும் ஏற்றுகிறார்கள். அந்தக் கணினி எந்த நாட்டில் இருக்கிறது, படத்தை அழிக்கிறதா, வைத்துக்கொள்கிறதா என்று யாருக்குத் தெரியும்? 2025 மார்ச் மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் இத்தகைய இலவச மாற்றுத் தளங்களைப் பற்றி எச்சரித்தது. சில தளங்கள் கேட்டபடி மாற்றித் தந்துவிட்டு, கூடவே கெடுதல் மென்பொருளையும் சேர்த்து அனுப்புகின்றன. ஏற்றும் கோப்பில் உள்ள அடையாள எண்களையும் உருவிக்கொள்கின்றன. 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கித் தரும் கேம்ஸ்கேனரும் ஒன்று. பாதுகாப்பு என்று சொல்லி அரசு அதைத் தடை செய்தது. அதே பிள்ளைகளை அதைவிட மோசமான தளங்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது அரசுத் தளங்களின் கேபி கணக்குதான். வீட்டில் கணினி இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. விண்டோஸின் பெயிண்ட்டில் படத்தைத் திறந்து "சேவ் ஆஸ்" போனால் ஜேபிஜி, பிஎன்ஜி இரண்டும் கிடைக்கும், இணையமே வேண்டாம். போன் மட்டும் வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

அதிகாரிகளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். முதல் பதில், லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள், இடம் போதாது என்பது. கணக்குப் போடுவோம். 2022-இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஆளுக்கு 50 கேபி என்றால் மொத்தம் 110 ஜிபி. என் கடையில் விற்கும் 128 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் தமிழ்நாட்டின் அத்தனை விண்ணப்பதாரர்களின் முகமும் அடங்கிவிடும். ஆளுக்கு 2 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் 4.4 டிபி, ஒற்றை ஹார்டு டிஸ்க்கில் அடங்குகிற சமாச்சாரம். அதையும்கூட வைத்திருக்க வேண்டியதில்லை. வந்ததும் சுருக்கிவிட்டுச் சின்னப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பதில், எந்தக் கோப்பையும் ஏற்றால் வைரஸ் வரும் என்பது. வந்த படத்தைப் பிரித்து, தானே புதிதாக ஒரு படமாக எழுதிச் சேமிக்கும் தளம்தான் உண்மையில் கூடுதல் பாதுகாப்பானது. படத்துக்குள் ஒளிந்து வரும் வேண்டாத சரக்கு அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். இணையப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பின் குறிப்புகளிலும் இந்த யோசனை இருக்கிறது. போனில் எடுத்த படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் பதிந்திருக்கும்; திரும்ப எழுதும்போது அதையும் கழற்றிவிடலாம். பாஸ்போர்ட் படத்தோடு ஒரு பெண்ணின் வீடு எங்கே இருக்கிறது என்ற விவரமும் அரசுக் கணினிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லையே.

மூன்றாவது, செலவு. இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் 1990-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான படவகைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். நான் கடையில் கையால் செய்வதை அது ஒரு வரிக் கட்டளையில் கண் இமைக்கும் நேரத்தில் செய்யும். பரீட்சைக் கட்டணம் வாங்கும் தளத்துக்கு இது ஒரு செலவே இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியும். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப்பாதையாகி, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. தாமதத்தைத் திட்டித் தீர்த்தோம், அது வேறு கதை. ஆனால் தண்டவாளத்தை மாற்றியது ரயில்வே. டிக்கெட் வாங்கிய பயணியிடம், உன் சக்கரத்தை நீயே மாற்றி எடுத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. படத்தில் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

உன் பிழைப்பில் நீயே மண்ணை அள்ளிப் போடுகிறாயே என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். படம் எடுக்க, படிவத்தைப் புரியவைக்க, சாதிப் பிரிவையும் பிறந்த தேதியையும் தப்பில்லாமல் நிரப்ப ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். அது உழைப்புக்குக் கூலி. இது அப்படி இல்லை. தளம் செய்ய மறுத்த வேலைக்கு, ஒரு நாள் கூலியில் ஒரு பங்கை எண்ணித் தருகிற குடும்பத்திடம் நான் வாங்கும் வரி. அந்தக் காசு எனக்கு இனிக்கவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த வகைப் படமானாலும் தளம் ஏற்கட்டும், மாற்றும் வேலையைத் தானே செய்யட்டும். கீழ்வரம்பை எடுத்துவிடட்டும். மாநிலத்துக்குள் இருக்கும் டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், இ-சேவை எல்லாமாவது ஒரே அளவில் ஒத்துப்போகட்டும். பணம் கட்டும் முன், தன்னிடம் சேமிக்கப்பட்ட படம் எப்படித் தெரிகிறது என்பதைப் பெரிதாகக் காட்டட்டும். கோளாறு இருந்தால், "உங்கள் கையெழுத்துப் படம் தெளிவாக இல்லை, வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுங்கள்" என்று தமிழில் சொல்லட்டும்.

இதற்கு ஒரு நிபுணர் குழு தேவையில்லை. அறிவிக்கையில் படம் பதிவேற்றும் முறை என்று பக்கக்கணக்கில் நீளும் பகுதியை எடுத்துவிட்டு இந்த ஒரே வரியைப் போட்டால் போதும்: "உங்கள் போனில் உள்ள படத்தை, அது எந்த வகையாக இருந்தாலும், 10 எம்பி வரை அப்படியே ஏற்றலாம், தேவையான அளவுக்கு நாங்களே மாற்றிக்கொள்வோம்." அடுத்த குரூப் 4 அறிவிக்கை வரும்போது காலியிடம் எத்தனை என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் தேடப்போவது இந்த வரியைத்தான்.